தூங்கி எழுந்த கணினியில் காணாமல்போகும் சாதனங்கள்

ஸ்லீப்பில் போட்ட கணினியை எழுப்பினால் திரை வருகிறது, திறந்து வைத்த கோப்புகளும் அப்படியே இருக்கின்றன. வைஃபை மட்டும் இல்லை. வேறொரு கணினியில் டச்பேட் அசைய மறுக்கிறது. இன்னொன்றில் ஸ்பீக்கர் ஊமையாகிவிடுகிறது, அல்லது யூஎஸ்பியில் செருகிய ஹார்டு டிஸ்க் கண்ணில் படுவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும். மறுநாள் ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் மறுபடியும் அதே கதை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஸ்டேண்ட்பை என்றும், விஸ்டாவிலிருந்து ஸ்லீப் என்றும் வழங்கும் இந்த அரைத்தூக்க நிலையோடு கூடவே பிறந்த கோளாறு இது.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. உண்மையிலேயே கெட்டுப்போன வைஃபை கார்டு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் கெட்டுத்தான் இருக்கும். ஆகவே இந்தப் புகாரோடு வரும் கணினியில் பெரும்பாலும் எந்த உறுப்பும் பழுதாகியிருக்காது. சாதனத்துக்கும் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கும் இடையே, தூங்கப் போகும்போதோ எழும்போதோ ஓர் ஒப்படைப்பு தவறியிருக்கும். இது தெரியாமல் கார்டை மாற்றி, பிறகு மதர்போர்டையே மாற்றிப் பணத்தைத் தொலைப்பவர்கள் உண்டு.

தூக்கத்தின் படிநிலைகள்

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டன. கணினியின் மின்நிலைகளை எஸ்0 முதல் எஸ்5 வரை அது வகுத்தது. எஸ்0 முழு விழிப்பு, எஸ்5 அணைப்பு. ஸ்லீப் என்று பொதுவாகச் சொல்லப்படுவது எஸ்3. இதில் பிராசசர், டிஸ்க், திரை, விசிறி எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றுவிடும். முக்கியமாக ரேமுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். எஸ்4 என்பது ஹைபர்னேட். ரேமில் உள்ளதையெல்லாம் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு முழுவதுமாக அணைந்துவிடும். எஸ்1, எஸ்2 இரண்டும் இன்று பெரும்பாலும் ஏட்டில்தான் இருக்கின்றன.

ரேமுக்கு ஏன் இந்தத் தனிச்சலுகை? அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது தானாகவே கசியும். வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும், இல்லையேல் தகவல் அழிந்துவிடும். விழித்திருக்கும்போது பிராசசரோடு இணைந்த நினைவகக் கட்டுப்பாட்டுச் சுற்று இந்த வேலையைப் பார்க்கிறது. எஸ்3-க்குப் போகும்முன் ரேம் சிப்புகளுக்கு ‘இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற கட்டளை போகும். அதன்பின் அவை தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும். மேசைக் கணினியில் இதற்கான மின்சாரம் பவர் சப்ளையிலிருந்து வரும் 5 வோல்ட் ஸ்டேண்ட்பை இணைப்பிலிருந்து கிடைக்கிறது. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் இந்த இணைப்பு உயிரோடுதான் இருக்கும். ஸ்லீப்பில் இருக்கும் மேசைக் கணினிக்கு யூபிஎஸ் இல்லாத நேரத்தில் மின்வெட்டு வந்தால் எல்லாம் போய்விடுவதும் இதனால்தான். இதைச் சமாளிக்கவே விண்டோஸ் விஸ்டா ஹைப்ரிட் ஸ்லீப் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: ரேமின் பிரதியை டிஸ்க்கிலும் எழுதிவிட்டுத் தூங்குவது.

தூங்கப் போவது ஒரே நொடியில் நடக்கும் செயல்போலத் தோன்றினாலும் அதற்குள் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நிரல்கள் உறைய வைக்கப்படும். பிறகு ஒவ்வொரு டிரைவருக்கும் ‘உன் சாதனத்தைத் தூங்க வை’ என்ற உத்தரவு போகும். யூஎஸ்பி ஹப்பில் செருகிய மவுஸ் முதலில், ஹப் அடுத்து, அந்த ஹப் தொங்கும் கட்டுப்பாட்டுச் சுற்று அதற்கடுத்து என்று கிளையிலிருந்து வேரை நோக்கி இது நடக்கும். எழும்போது வரிசை தலைகீழ். வேர் முதலில் எழ வேண்டும், கிளை பிறகு. சாதனங்களுக்கும் டி0 முதல் டி3 வரை தனி நிலைகள் உண்டு. டி3 என்பது தூக்கத்தின் அடிமட்டம்.

எழும்போது நடப்பது

பவர் பட்டனையோ கீபோர்டையோ அழுத்தியதும் பிராசசர், புதிதாக ஆன் செய்ததுபோலவே, பயாஸ் ஃபர்ம்வேரிலிருந்துதான் தன் ஓட்டத்தைத் தொடங்குகிறது. பயாஸ் ஒரு குறியைப் பார்த்து ‘இது புதுத் தொடக்கமல்ல, எஸ்3-லிருந்து விழிப்பு’ என்று தெரிந்துகொள்ளும். வழக்கமான பரிசோதனைகளைத் தவிர்த்துவிட்டு, ரேமைத் தொடாமல் மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளை மட்டும் மீட்டுவிட்டு, இயங்குதளம் விட்டுச்சென்ற முகவரிக்குத் தாவிவிடும். அதன்பின் பொறுப்பு இயங்குதளத்துடையது.

இங்கேதான் சிக்கல். ரேமில் உள்ள எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றால் டிரைவரின் நினைவும் பத்திரமாக இருக்கிறது என்று பொருள். எந்த வைஃபை அலைவரிசையில் இணைந்தோம், எந்தக் கடவுச்சொல், எந்தப் பதிவேட்டில் என்ன எண் என்று அதற்கு எல்லாம் தெரியும். சாதனத்துக்கோ மின்சாரம் போய் வந்ததில் எல்லாம் மறந்துபோயிருக்கும். மின்வெட்டு முடிந்தபின் பூஜ்யத்தில் மின்னிக்கொண்டிருக்கும் மின்கடிகாரத்தைப் பார்த்து, அது சரியான நேரம் காட்டுவதாக நம்பி வீட்டார் வேலைக்குக் கிளம்பினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகிறது. நல்ல டிரைவர் எழுந்தவுடன் சாதனத்தை முதலிலிருந்து தயார்செய்யும். மோசமான டிரைவர் சாதனம் பழைய நிலையிலேயே இருப்பதாக நினைத்து அடுத்த கட்டளையை அனுப்பும், பதில் வராது.

மீட்புப் பணியில் ஒரு பகுதியை இயங்குதளமே செய்துவிடும். பிசிஐ சாதனங்களுக்கு வரையறுக்கப்பட்ட அமைப்புப் பகுதி ஒன்று உண்டு. அதில் உள்ள முகவரிகளையும் அனுமதிகளையும் தூங்கும்முன் குறித்துவைத்து, எழுந்தபின் திரும்ப எழுதிவிடலாம். ஆனால் சாதனத்தின் உள்ளே இருப்பவை அதன் தயாரிப்பாளருக்கு மட்டுமே தெரிந்தவை. வைஃபை, புளூடூத் கார்டுகள் பலவற்றில் நிரந்தர நிரலே கிடையாது. டிரைவர்தான் ஒவ்வொரு முறையும் ஃபர்ம்வேர் கோப்பை அவற்றின் உள்நினைவில் ஏற்ற வேண்டும். மின்சாரம் போனால் அந்த நிரலும் போயிற்று. விழிப்புக்குப் பின் முதலில் காணாமல்போவது வைஃபையும் புளூடூத்துமாகவே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நேரம். டி3 நிலையிலிருந்து எழும் பிசிஐ சாதனத்தைத் தொடுவதற்கு முன் 10 மில்லி விநாடி பொறுத்திருக்க வேண்டும் என்பது விதி. யூஎஸ்பியிலும் விழிப்புச் சைகை குறைந்தது 20 மில்லி விநாடி நீடிக்க வேண்டும். அதன்பின் சாதனம் நிதானத்துக்கு வர 10 மில்லி விநாடி. விதியில் எழுதியது இவ்வளவுதான். மலிவான சாதனங்கள் சில இதைவிட மெதுவாகத்தான் எழுகின்றன. கணினி கேள்வி கேட்ட நேரத்தில் பதில் சொல்லாத சாதனம் இல்லாத சாதனமாகக் கணக்கில் எழுதப்பட்டுவிடும். ஒருநாள் வேலை செய்து மறுநாள் செய்யாமல் போகும் சாதனங்களில் பெரும்பாலானவை இந்த வகை.

பொறுப்பு யாருடையது என்ற பழைய வழக்கு

ஏசிபிஐக்கு முன் இருந்தது ஏபிஎம். 1992-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் வகுத்தது. அதில் தூக்கத்தின் அதிகாரம் பயாஸிடம் இருந்தது. இயங்குதளத்துக்குத் தெரியாமலேயே அது எதையாவது அணைத்துவிடும். ஏசிபிஐ அந்த அதிகாரத்தை இயங்குதளத்துக்கு மாற்றியது. ஆனால் ஒவ்வொரு மதர்போர்டிலும் எந்த மின்கம்பியை எப்படி அணைப்பது என்பது அந்தந்தத் தயாரிப்பாளருக்குத்தான் தெரியும். எனவே அவர்கள் அந்த விவரத்தை ஒரு சிறு நிரல்மொழியில் எழுதி பயாஸில் வைப்பார்கள். இயங்குதளம் அதை வாசித்து நிறைவேற்றும். ஒரு தூக்கம் சரியாக நடக்க மதர்போர்டுத் தயாரிப்பாளர், இயங்குதளம் எழுதியவர், ஒவ்வொரு சாதனத்துக்கும் டிரைவர் எழுதியவர் என எல்லோரும் தவறில்லாமல் எழுதியிருக்க வேண்டும். ஒருவர் சறுக்கினாலும் பழி சாதனத்தின் மேல்தான் விழும்.

தயாரிப்பாளர்கள் பலரும் தங்கள் பயாஸை விண்டோஸில் மட்டுமே சோதித்தார்கள். ‘நீ எந்த இயங்குதளம்?’ என்று பயாஸ் கேட்பதற்கு ஏசிபிஐயில் வழி உண்டு. லினக்ஸ் அந்தக் கேள்விக்குத் தன் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. விண்டோஸ் பதிப்புகளின் பெயர்களைக் கேட்டால் ஆம் என்கிறது, லினக்ஸா என்று கேட்டால் இல்லை என்கிறது. சோதித்துப் பார்த்த பாதையில் நடப்பதுதான் பாதுகாப்பு என்பது அதை எழுதியவர்கள் அனுபவத்தில் கண்ட முடிவு. 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் எழுதிய உள் மின்னஞ்சல் ஒன்றில், ஏசிபிஐ நீட்டிப்புகளை விண்டோஸுக்கே உரியதாக்க முடியாதா என்ற யோசனை இருந்தது. பின்னர் அமெரிக்காவின் அயோவா மாநில வழக்கொன்றில் அது ஆவணமாக வெளிவந்தது. அப்படியொரு திட்டம் தேவையே இல்லை. கடையில் விற்கும் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸோடு போகும்போது, தயாரிப்பாளர் வேறெதிலும் சோதித்துப் பார்க்காததற்குச் சந்தையே போதுமான காரணம்.

விழிப்பில் சிக்கிக்கொள்ளும் கணினியை ஆராய்வது நிபுணர்களுக்கும் எளிதல்ல. திரை, டிஸ்க், நெட்வொர்க் எதுவும் இன்னும் எழவில்லை என்றால் பிழைச்செய்தியை எங்கே எழுதுவது? லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸ் 2006-இல் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார். மதர்போர்டில் உள்ள கடிகாரச் சிப் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட்டிலும் அதன் எண்கள் அழியாது. எந்த டிரைவர் வரை வந்தோம் என்பதை ஒரு எண்ணாக்கி அந்தக் கடிகாரத்தில் எழுதிவைத்தார். கணினி உறைந்தபின் மீண்டும் தொடங்கிக் கடிகாரத்தைப் படித்தால் சிக்கிய இடம் தெரியும். தேதி நேரம் தாறுமாறாகிவிடும், அதைப் பிறகு திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

எந்தச் சாதனம், எந்த அளவுக்கு

வீட்டுக் கணினிக்கு அந்த அளவு ஆராய்ச்சி தேவையில்லை. முதலில் செய்ய வேண்டியது, கோளாறு உண்மையிலேயே விழிப்போடு தொடர்புடையதா என்று பார்ப்பது. இங்கே ஒரு வழுக்குப்பாறை இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி வந்தது. அது இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் என்பது முழு அணைப்பு அல்ல. விண்டோஸின் கருப்பகுதியும் டிரைவர்களும் ஹைபர்னேட் செய்யப்பட்டு, அடுத்த முறை அப்படியே மீட்டெடுக்கப்படுகின்றன. குழம்பிப்போன டிரைவர் குழப்பத்தோடேயே திரும்பி வரும். ரீஸ்டார்ட்டோ உண்மையான புதுத் தொடக்கம். ‘அணைத்துப் போட்டும் சரியாகவில்லை, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது’ என்று வரும் விசித்திரப் புகார்களுக்கு விளக்கம் இதுதான். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பக்கத்தில் கணினி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற கணக்கு இருக்கும். தினமும் அணைக்கும் கணினியில் அது பல நாட்களைக் காட்டினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேலை செய்கிறது என்று அறியலாம். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் இந்த வசதியை நிரந்தரமாகவும் நீக்கலாம். எஸ்எஸ்டி உள்ள கணினியில் இதை நீக்குவதால் பெரிய நேர இழப்பு எதுவும் இல்லை.

அடுத்து டிவைஸ் மேனேஜர். விழித்தபின் மக்கர் செய்யும் சாதனத்தின் அருகே மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிழை எண் 10 என்றால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை என்று பொருள். 43 என்றால் சாதனம் தானே கோளாறு என்று தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. அந்த வரியில் வலச்சொடுக்கி, முதலில் டிசேபிள், பிறகு எனேபிள் கொடுத்துப் பார்ப்பது எளிய சோதனை, சொல்லிக்கொடுப்பதும் நிறைய. உயிர் வந்துவிட்டால் கோளாறு டிரைவரின் விழிப்புப் பகுதியில்தான், சாதனம் நலம். அதிலும் அசையாமல் ரீஸ்டார்ட்டுக்கு மட்டும் மசிந்தால் கோளாறு இன்னும் ஒரு படி கீழே, சாதனம் தொங்கும் ஹப்பிலோ சிப்செட்டிலோ இருக்கலாம். ரீஸ்டார்ட்டுக்கும் மசியாவிட்டால் சாதனத்தின் உள்ளே இருக்கும் ஃபர்ம்வேர் உறைந்திருக்கலாம். லேப்டாப்பில் சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியதானால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்து எல்லாம் புதிதாகத் தொடங்கும். மேசைக் கணினியில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் பவர் பட்டனை அழுத்தினாலே போதும்.

ஈவென்ட் வியூவரும் உதவும். அதன் சிஸ்டம் பகுதியில் ‘பவர் டிரபிள்ஷூட்டர்’ என்ற பெயரில் எண் 1 கொண்ட பதிவு, கணினி எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது, எதனால் எழுந்தது என்பதைச் சொல்லும். அந்த நேரத்தை ஒட்டி வேறு எந்த டிரைவர் புலம்பியிருக்கிறது என்று பார்த்தால் குற்றவாளி பெரும்பாலும் அகப்படும். விழிக்கும்போது நீலத்திரை வந்து, அதில் டிரைவர் மின்நிலைத் தோல்வி என்று பொருள்படும் 9எஃப் குறியீடு இருந்தால், ஏதோ ஒரு டிரைவர் தூங்கச் சொன்ன உத்தரவுக்கோ எழச் சொன்ன உத்தரவுக்கோ உரிய நேரத்தில் பதில் தரவில்லை என்று அர்த்தம்.

டிரைவரைப் புதுப்பிப்பது எல்லோரும் சொல்லும் வைத்தியம். சரிதான், ஆனால் எங்கிருந்து எடுப்பது என்பது முக்கியம். லேப்டாப்பில் அந்த மாடலுக்கென்று தயாரிப்பாளர் தரும் டிரைவர்தான் முதல் தேர்வு; விண்டோஸ் அப்டேட் தரும் பொதுவான டிரைவர் விழித்திருக்கும்போது குறையின்றி ஓடிவிட்டு, தூக்கத்தில் மட்டும் சறுக்கலாம். அப்டேட்டுக்குப் பிறகே கோளாறு தொடங்கியது என்றால் புதியதைத் தேடுவதைவிட ரோல் பேக் கொடுத்துப் பழையதற்குத் திரும்புவது மேல். வைஃபை டிரைவரை மாற்றுகிற எல்லோரும் சிப்செட் டிரைவரை மறந்துவிடுகிறார்கள். தூக்கத்தை நடத்திவைப்பதே சிப்செட்தான். பயாஸ் அப்டேட்டும் இந்தப் பட்டியலில் சேரும். அதன் வெளியீட்டுக் குறிப்பில் ஸ்லீப், எஸ்3, ரெசியூம் போன்ற சொற்கள் இருந்தால் தயங்க வேண்டாம். ஆனால் அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யூஎஸ்பியின் தனிக்கதை

அதிகம் தொலைந்துபோவது யூஎஸ்பி சாதனங்கள். எஸ்3-இல் சில கணினிகள் யூஎஸ்பி துளைகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். சில கொஞ்சமாகத் தொடர்ந்து கொடுக்கும். நிறுத்தினால், எழும்போது ஒவ்வொரு சாதனமும் புதிதாகச் செருகியதுபோல மறுபடி அடையாளம் காணப்பட வேண்டும். அடையாளம் என்பது தயாரிப்பாளர் எண், பொருள் எண், வரிசை எண் ஆகிய மூன்றும். மலிவான ஒலிக்கருவிகள், மாற்றிகள் பலவற்றில் வரிசை எண்ணே இருக்காது. அப்போது விண்டோஸ் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்து அடையாளம் காணும். துளை மாறினால் அதன் கண்ணுக்கு அது வேறு சாதனம். பழைய அமைப்புகள் பொருந்தாது.

யூஎஸ்பி ரூட் ஹப்பின் பண்புகளுக்குள் போய், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுவது புகழ்பெற்ற தீர்வு. பவர் ஆப்ஷன்ஸில் செலெக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துவதும் அதன் கூட்டாளி. இரண்டும் பெரும்பாலும் கணினி விழித்திருக்கும்போது சும்மா இருக்கும் சாதனத்தைத் தனியே தூங்க வைப்பதைத் தடுப்பவை. கணினி முழுவதும் எஸ்3-க்குப் போகும்போது இந்த டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாதனம் தூங்கத்தான் போகிறது. ஆகவே இதைச் செய்தும் பலன் இல்லை என்றால் வியக்க வேண்டியதில்லை. விழித்த சில நிமிடங்கள் கழித்து சாதனம் மறைகிறது என்றால் மட்டும் இந்த வைத்தியம் சரியாகப் பொருந்தும்.

உண்மையான பலன் பல நேரங்களில் இடமாற்றத்தில் கிடைக்கிறது. முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத்துக்கு, யூஎஸ்பி 3 துளையிலிருந்து யூஎஸ்பி 2 துளைக்கு, ஹப்பிலிருந்து நேரடியாகக் கணினிக்கு மாற்றிப் பார்ப்பது. கீபோர்டு, மவுஸுக்கு யூஎஸ்பி 2 தாராளமாகப் போதும். வெளி ஹார்டு டிஸ்க்கைப் பொறுத்தவரை, தூங்க வைக்கும்முன் முறையாக எஜெக்ட் செய்துவிடுவதே நல்லது. தூக்கத்தின் நடுவே அதைக் கழற்றி இன்னொரு கணினியில் எழுதி, திரும்பக் கொண்டுவந்து செருகினால், முதல் கணினி பழைய அட்டவணையையே நம்பி மேலே எழுதிக் கோப்புகளைப் பாழாக்கும் அபாயம் உண்டு.

திரை மட்டும் கருப்பாக இருந்து, கீபோர்டு விளக்கு எரிகிறது என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் சிக்கியிருக்கலாம். எஸ்3-இல் கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த நினைவு அழிந்துவிடும். அதை முன்கூட்டியே ரேமுக்குப் பெயர்த்து வைத்து, எழுந்தபின் திரும்ப நிரப்ப வேண்டும். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திறந்த கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. வெளி மானிட்டர் என்றால் அதன் சொந்த மெனுவில் டீப் ஸ்லீப் இருக்கிறதா என்று பார்த்து நிறுத்தலாம். டச்பேடும் ஒலியும் பெரும்பாலும் டிரைவர் மாற்றத்துக்கு மசிந்துவிடும்.

எந்த வைத்தியத்துக்கும் பணியாத சாதனம் இருக்கும். தயாரிப்பாளர் கைவிட்ட பழைய கார்டு, இனி டிரைவரே வராது என்ற நிலை. அப்போது விழிக்கும் ஒவ்வொரு முறையும் அதைத் தானாக டிசேபிள், எனேபிள் செய்யவைக்கலாம். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில், மேலே சொன்ன எண் 1 பதிவு விழுந்ததும் ஓடும்படி ஒரு பணியை அமைத்து, அதில் பிஎன்பியூட்டில் என்ற உள்ளமைந்த கருவியைக் கொண்டு அந்தச் சாதனத்தை மட்டும் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லலாம். விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. லினக்ஸில் சிஸ்டம்டியின் சிஸ்டம்-ஸ்லீப் கோப்புறையில் ஒரு சிறு ஸ்கிரிப்டை வைத்தால், தூங்கும்முன் டிரைவரை இறக்கி, எழுந்தபின் ஏற்றும். அழகான தீர்வல்ல, ஆனால் வருடக்கணக்கில் வேலை செய்யும்.

புதிய லேப்டாப்புகளின் மாறிய தூக்கம்

சில வருடங்களாக விற்கும் லேப்டாப்புகள் பலவற்றில் எஸ்3 என்பதே கிடையாது. விண்டோஸ் 8-இல் கனெக்டட் ஸ்டேண்ட்பை என்று தொடங்கி, விண்டோஸ் 10-இல் மாடர்ன் ஸ்டேண்ட்பை ஆன முறை அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. இதில் கணினி கைப்பேசியைப்போல எஸ்0-லேயே இருந்துகொண்டு, ஒவ்வொரு சாதனத்தையும் தனித்தனியே தூங்க வைக்கிறது. சட்டென்று எழும். ஆனால் ஒரே ஒரு சாதனம் தூங்க மறுத்தாலும் கணினி முழுவதும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகாது. பைக்குள் வைத்த லேப்டாப் சுடச்சுட வெளியே வருவது இதனால்தான். கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி என்ற கருவியிடம் கேட்டால், அந்தக் கணினியில் எந்தெந்தத் தூக்க நிலைகள் உண்டு என்று சொல்லும். அதே கருவியின் ஸ்லீப்ஸ்டடி அறிக்கை எந்தச் சாதனம் விழித்தே இருந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி எஸ்3-ஐ வலிந்து கொண்டுவரும் குறிப்புகள் உலவுகின்றன. ஃபர்ம்வேரில் எஸ்3 இல்லாத கணினியில் அதைச் செய்தால் எழாமலே போகலாம்.

உண்மையிலேயே வன்பொருள் பழுதாக இருந்தால்

அரிதாக, பழி உண்மையிலேயே சிப்பின்மேல் விழும். 2013-இல் ஹாஸ்வெல் பிராசசர்களோடு இன்டெல் கொண்டுவந்த 8 வரிசை சிப்செட்டின் முதல் பதிப்பில், எஸ்3-லிருந்து எழும்போது சில யூஎஸ்பி 3 பென்டிரைவ்கள் இணைப்பை இழந்தன. அதிலிருந்து திறந்து வைத்த கோப்பை மறுபடி திறக்க வேண்டியிருந்தது. இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, சிப்பின் அடுத்த திருத்தத்தில் சரிசெய்தது. டிரைவரால் தீராத பிழை. சிப்பையே மாற்ற வேண்டியிருந்தது.

வீட்டில் அதைவிட அதிகம் காணக்கூடியது களைத்துப்போன பவர் சப்ளை. 5 வோல்ட் ஸ்டேண்ட்பை இணைப்பு வழக்கமாக 2 முதல் 3 ஆம்பியர் வரைதான் தரும். மின்தேக்கிகள் வயதாகி உப்பினால் அதுவும் குறையும். ரேமும் யூஎஸ்பியும் நெட்வொர்க் கார்டும் அந்தக் கொஞ்சத்தைப் பங்குபோட வேண்டும். தூங்கும் கணினியிலிருந்து கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றினால் நெருக்கடி கூடும். 24 முனை இணைப்பில் ஊதா நிறக் கம்பிதான் இந்த இணைப்பு. தெரிந்தவர் மல்டிமீட்டரால் அளந்தால் 4.75-க்கும் 5.25-க்கும் இடையே வோல்ட் இருக்க வேண்டும். ரேமை எக்ஸ்எம்பி அமைப்பில் கூடுதல் வேகத்தில் ஓட்டும் கணினி எழும்போது ரீஸ்டார்ட் ஆகிவிட்டால், அதை இயல்பு வேகத்துக்குக் கொண்டுவந்து சோதிக்கலாம். ஹைபர்னேட்டிலிருந்தோ அணைத்த நிலையிலிருந்தோ கீபோர்டால் எழுப்ப முடியவில்லை என்றால் பயாஸில் ஈஆர்பி என்ற தேர்வைப் பார்க்க வேண்டும். அணைந்த கருவிகளின் மின்செலவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த வரம்புக்காக வந்தது அது. இயக்கினால் ஸ்டேண்ட்பை மின்சாரம் பெரும்பகுதி நிறுத்தப்பட்டுவிடும்.

எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் ஸ்லீப்பை விட்டுவிட்டு ஹைபர்னேட்டுக்கு மாறலாம். அதிலிருந்து எழும்போது பயாஸ் குறுக்குவழியில் போகாமல் முழுப் பரிசோதனையும் செய்து சாதனங்களைத் தயார்படுத்துகிறது; எஸ்3-இல் திணறும் சாதனங்கள் பல இதில் ஒழுங்காக எழுகின்றன. எழுந்துவரச் சில விநாடிகள் கூடுதலாகும், டிஸ்க்கில் ரேமின் அளவையொட்டி இடம் போகும், அவ்வளவுதான். பவர் ஆப்ஷன்ஸில் லேப்டாப் மூடியை மூடினால் ஹைபர்னேட் என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் ஹைபர்னேட்டில் இருக்கும்போது லினக்ஸிலிருந்து அதன் டிஸ்க் பகுதியில் எதையும் எழுதக்கூடாது; ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்போடு அணைத்த விண்டோஸுக்கும் இது பொருந்தும்.